விந்தணுக் குறைவுக்கு மருந்து: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன், டாக்டர் இல்லை. தலைவலி மாத்திரைக்கு வருகிறவர் சத்தமாகக் கேட்பார். இந்த விஷயத்துக்கு வருகிறவர் கடையில் ஆள் குறையும் வரை பக்கத்து டீக்கடையில் நின்றுவிட்டு, அப்புறம் வந்து போனில் யாரோ அனுப்பிய மாத்திரை அட்டைப் படத்தைக் காட்டி "இது இருக்கா அண்ணே" என்பார். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆண் பக்கக் குறைக்கு மருந்து நன்றாக வேலை செய்கிற இடங்கள் உண்டு, ஆனால் அவை கொஞ்சம்தான். காரணம் தெரியாமல் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை பெரும்பாலும் பணத்தையும் மனைவியின் வயதையும்தான் தின்கிறது.

அண்ணே, கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் நிக்கல. மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பொறுங்கள். சேர்ந்து வாழ்ந்து, தடுப்பு எதுவும் இல்லாமல், ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால்தான் பரிசோதனைக்குப் போகச் சொல்வார்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். சின்ன வயதில் விரை கீழே இறங்காமல் ஆபரேஷன் செய்தவர், வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து கூடவே விரையும் வீங்கியவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியவர் இவர்கள் யாரும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், முதல் மாதமே டாக்டரைப் பார்க்கலாம். மாத்திரை என்பது பரிசோதனைக்கு அப்புறம் வருகிற பேச்சு.

காக்கா (அண்ணா), நான் சவூதியில் இருக்கேன். கல்யாணம் ஆகி மூணு வருஷம். வருஷத்துக்கு ஒருதரம் 45 நாள் லீவு. எனக்கு ஏதும் குறை இருக்குமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கமிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. மூன்று வருஷம் என்று ஊர் எண்ணும். உடம்பு அப்படி எண்ணாது. ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஏறக்குறைய ஆறுதான், முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 45 நாள் லீவில் அப்படி ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை கிடைக்கும். அதிலும் உறவுக்காரர் வீட்டு விருந்து, கல்யாணம், ஏர்வாடி தர்கா போய் வருவது என்று நல்ல நாட்கள் கழிந்துவிடும். ஆக நீங்கள் முயன்றது மொத்தம் நாலைந்து மாதம்தான், ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதைக் குறை என்று சொல்ல முடியாது.

ஆனாலும் செமன் டெஸ்ட் (விந்துப் பரிசோதனை) ஒன்று எடுத்துவிடுங்கள், அங்கேயே எடுக்கலாம். லீவுக்கு வந்ததும் மாத்திரை தொடங்கி, விமானம் ஏறும்போது நிறுத்துவது மட்டும் வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது, வெளியே வருகிற நாளையும் சேர்த்தால் மூன்று மாதம். இன்று விழுங்கும் மாத்திரையின் பலன் நீங்கள் திரும்பிப் போன பிறகுதான் தெரியும். மருந்து வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஊருக்கு வருவதற்கு மூன்று நாலு மாதம் முன்பே தொடங்கும்படி கேளுங்கள். லீவே கிடைக்காத வேலை என்றால் வந்திருக்கும்போது விந்தை உறைய வைத்துவிட்டுப் போகிற வழியும் இருக்கிறது, பதிவு பெற்ற மையங்களில் செய்கிறார்கள்.

தம்பி, மருமகளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லேங்குறாங்க. மகனுக்கும் பாக்கணுமா? அவன் நல்லா திடமாத்தானே இருக்கான்.

ஆமாம் அம்மா, பார்க்க வேண்டும், உண்மையில் அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ காரணம் இருக்கிறது. தனியாகவும் இருக்கும், பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தும் இருக்கும். திடமான உடம்புக்கும் விந்தணுவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வலை இழுக்கிற கைக்குச் சொந்தக்காரருக்கும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கலாம்.

குழந்தை வேண்டித் திருப்புல்லாணிக் கோயிலில் பாயசம் வாங்கிக் குடிப்பதையும் ராமேஸ்வரத்தில் நாகர் பிரதிஷ்டை செய்வதையும் நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் செய்திருக்கிறார்கள். ஆனால் பெண்ணுக்கு ரத்தம், ஸ்கேன், குழாய்ப் பரிசோதனை என்று வலிக்க வலிக்க எடுத்துவிட்டு, ஒரு டப்பாவில் மாதிரி கொடுத்தால் முடிகிற டெஸ்ட்டை மட்டும் இரண்டு வருஷம் தள்ளிப்போடுவது எந்த ஊர் நியாயம்?

செமன் டெஸ்ட்டுக்கு வீட்டிலிருந்து எடுத்துட்டுப் போகலாமா?

மாதிரி வெளியான ஒரு மணி நேரத்துக்குள் லேபில் பார்த்தாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் இருக்கும், பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் நேரம் கடந்துவிடும், அசைவு குறைந்து ரிப்போர்ட் மோசமாக வரும். அதனால் லேபிலேயே தனி அறை இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டு அங்கே போய்க் கொடுங்கள். உறவு இல்லாமல் இரண்டு நாளாவது இருக்க வேண்டும், ஏழு நாளைத் தாண்டக் கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்துக்கொண்டு வராதீர்கள், அதில் தடவியிருக்கும் பொருள் விந்தணுவுக்கு ஆகாது. முதலில் வரும் சொட்டு சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், எண்ணிக்கை அதில்தான் அதிகம்.

கடந்த மூன்று மாதத்துக்குள் டெங்கு, டைபாய்டு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், காய்ச்சலே எண்ணிக்கையைக் கீழே தள்ளும். ரிப்போர்ட் மோசமாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை எடுங்கள். ஒரே ஆளுக்கே எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் தாறுமாறாக மாறும். ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து மாத்திரை எழுதினால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ரிப்போர்ட்டில் உள்ள நம்பரை எப்படிப் படிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 என்றதும் பதறி வருகிறார்கள், 96 சதவீதம் கெட்டுப்போய்விட்டதாம். இல்லை, எல்லா ஆண்களுக்கும் பெரும்பாலானவை கோணல்மாணல்தான். அப்புறம் இந்த எல்லைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது, மேலே இருந்தும் பிறக்காதவர்கள் உண்டு.

எனக்கு 90 லட்சம்தான் இருக்கு. இதைக் கூட்ட எந்த மாத்திரை நல்லது?

நம்பருக்கு மாத்திரை கிடையாது, காரணத்துக்குத்தான் மாத்திரை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மீதிப் பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. எல்ஹெச் போய் விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும், எஃப்எஸ்ஹெச் போய் விந்தணு வளர்க்கிற செல்களைத் தட்டி எழுப்பும். போதுமான டெஸ்டோஸ்டிரோன் ஊறியதும் அந்தச் செய்தி மேலே போய், சுரப்பி கொஞ்சம் அடங்கும். எண்ணிக்கை குறைவாக இருக்கிறவருக்கு இந்த மூன்றையும், அதே சுரப்பி விடுகிற புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் ரத்தத்தில் பார்த்தால் கோளாறு மேலேயா கீழேயா என்று ஓரளவு தெரிந்துவிடும். மேலிருந்து உத்தரவு வராததால் விரை சும்மா இருக்கிறது என்றால் மருந்து பிரமாதமாக வேலை செய்யும். உத்தரவு ஓயாமல் வந்தும் விரையால் முடியவில்லை என்றால், அதாவது எஃப்எஸ்ஹெச் மிக அதிகமாக இருந்தால், மருந்து பெரும்பாலும் கைகொடுக்காது. இரண்டும் சரியாக இருந்து, வழியில் அடைப்பு இருந்தால் மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் காலை பத்து மணிக்குள் கொடுக்கச் சொல்வார்கள், தூங்கி எழுந்ததும்தான் அது உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் கடலில் விழித்துவிட்டுக் கரை இறங்கிய காலில் லேபுக்குப் போனால் அளவு குறைவாகக் காட்டலாம். ஒன்றிரண்டு நாள் ஒழுங்காகத் தூங்கிவிட்டுப் போங்கள், ராத்தொழில் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்போ மருந்து நிச்சயமா வேலை செய்யுற ஆள் யாரு?

பிட்யூட்டரி உத்தரவு கொடுக்காதவர். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும். மீசை தாடி சரியாக வராது, விரை சிறியதாக இருக்கும், அவர்களில் சிலருக்கு வாசனையும் தெரியாது (கருவாட்டுக் கொட்டகை பக்கத்தில் குடியிருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள், டாக்டருக்கு அது முக்கியத் தகவல்). இவர்களுக்கு ஹெச்சிஜி ஊசி, வழக்கமாக 1500 முதல் 2500 யூனிட், வாரம் இரண்டு மூன்று முறை. அது எல்ஹெச் செய்கிற வேலையைச் செய்யும். சில மாதம் கழித்து டெஸ்டோஸ்டிரோன் சரியாகியும் விந்தணு வரவில்லை என்றால் எஃப்எஸ்ஹெச் அல்லது ஹெச்எம்ஜி (அதிலும் எஃப்எஸ்ஹெச் இருக்கிறது) ஊசி 75 முதல் 150 யூனிட் வாரம் மூன்று முறை சேர்ப்பார்கள். ஆறு மாதத்திலும் பலன் தெரியலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். ஆனால் பெரும்பாலோருக்கு விந்தணு வருகிறது, பூஜ்யத்திலிருந்து வருகிறது. எண்ணிக்கை சாதாரண எல்லையைத் தொடாமலேயே மனைவி கர்ப்பமாவதும் இவர்களிடம் சகஜம். செலவு அதிகம், அதை மறைக்க முடியாது.

இன்னொரு வகை, புரோலாக்டின் அதிகமாகி அதனால் உத்தரவு நின்றுபோனவர். பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருக்கலாம், எம்ஆர்ஐ எடுப்பார்கள். கேபர்கோலின் மாத்திரை, பெரும்பாலும் வாரம் இரண்டே முறை, நிறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும்.

ஊசியை மதுரையிலிருந்து வாங்கி வரணும். வழியில் கெட்டுப்போகாதா?

போகலாம். எஃப்எஸ்ஹெச் ஊசிகள் பொதுவாக 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஹெச்சிஜியில் பிராண்டைப் பொறுத்து மாறும், பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மதுரையிலிருந்து மண்டபம் வரை மே மாத வெயிலில் பஸ் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுவந்தால் மருந்துக்கு உத்தரவாதமில்லை. சின்னத் தெர்மோகோல் பெட்டி, ஐஸ் பேக், நடுவில் ஒரு துணி. மீன் ஐஸ் பெட்டிக்குள் நேராகப் புதைத்துக் கொண்டுவர வேண்டாம், உறைந்தாலும் அந்த மருந்து வீண். வீட்டில் ஃப்ரிட்ஜின் கதவிலும் வேண்டாம், ஃப்ரீசரிலும் வேண்டாம், நடுத்தட்டு. கரண்ட் நாள் முழுக்கப் போகிற ஊர் என்றால் ஒவ்வொரு வாரத்துக்குமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் குளோமிஃபீன் எழுதியிருக்கார். அது பொம்பளைங்க மாத்திரைன்னு கடைக்காரப் பையன் சிரிச்சான்.

என் கடைப் பையன் இல்லையே? சரி, விடுங்கள். பெண்களுக்கு முட்டை வளர வைக்கத்தான் அந்த மாத்திரைக்கு அனுமதி, ஆண்களுக்கு டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுகிறார்கள், பல வருஷமாக உலகம் முழுக்க அப்படித்தான். ஆண் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டு, சுரப்பியை அடக்கி வைக்கிற செய்தியில் பெரும்பங்கு அதனுடையது. குளோமிஃபீன் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராமல் மறித்துவிடுகிறது, உடனே சுரப்பி இன்னும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் அனுப்பும், விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். 25 மில்லிகிராம் தினமும், அல்லது 50 ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதுவார்கள். டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று கூகுளில் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு.

யாருக்குப் பலன்? டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவும் எல்ஹெச் உயராமலும் இருக்கிறவருக்கு நன்றாக வாய்ப்பிருக்கிறது. ஹார்மோன் எல்லாம் சரியாக இருந்து காரணமே தெரியாமல் எண்ணிக்கை குறைந்தவருக்குப் பலன் சுமார்தான், சிலருக்குக் கொஞ்சம் கூடும், சிலருக்கு அப்படியே இருக்கும், ஒரு சிலருக்குக் குறையக்கூடச் செய்யும், அதனால்தான் மூன்று மாதத்தில் மறுபடி டெஸ்ட் எடுக்காமல் மாத்திரையை நீட்டிக்கக் கூடாது. கண் மங்குவது, வெளிச்சம் மின்னுவது போலத் தெரிவது வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ராத்திரி படகு ஓட்டுகிறவருக்கு இது விளையாட்டில்லை. மார்பு வலி, எரிச்சல், மனநிலை மாற்றம், அரிதாகக் காலில் ரத்தக் கட்டு இவையும் வரலாம். முன்பு ரத்தக் கட்டு வந்தவர் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல்?

டெஸ்டோஸ்டிரோனை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதைத் தடுக்கிற மாத்திரைகள். கொழுப்பில் அந்த மாற்றம் அதிகம் நடக்கும், அதனால் எடை கூடிய ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் ஏறியிருந்தால் எழுதுவார்கள். இதுவும் ஆண்களுக்கு டாக்டர் பொறுப்பில் தருவதுதான். இரண்டு ஹார்மோனையும் அளக்காமல் இதைத் தொடங்குவதில் அர்த்தமில்லை, தொப்பையைக் குறைத்தாலே பாதி வேலை நடக்கும்.

ஜிம்முல ஒரு அண்ணன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா ஆண்மை கூடும், விந்தும் கூடும்னு சொன்னார்.

இதை ஒரு தடவை சத்தமாகவே சொல்கிறேன்: குழந்தை வேண்டும் என்கிற ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஜெல், மாத்திரை எதுவும் கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் "இங்கே நிறைய இருக்கிறது" என்று சுரப்பி உத்தரவை நிறுத்திவிடும். விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம், ஊசி போட்டு அந்த அளவை எட்டவே முடியாது. ரத்தத்தில் நிறையவும் விரைக்குள் வறட்சியுமாக ஆகி விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1990-ல் வெளியான ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யமானது. புள்ளை வேணும் என்று போடுகிற ஊசி புள்ளை வராமல் தடுக்கிறது, இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

ஜிம்மில் விற்கிற மற்ற ஸ்டீராய்டு ஊசிகளும் இதே கதைதான். சங்கடம் என்னவென்றால் சில டாக்டர்களே களைப்பு, ஆசைக் குறைவு என்று வருகிற இளைஞர்களுக்கு "குழந்தைத் திட்டம் இருக்கிறதா" என்று கேட்காமல் எழுதிவிடுகிறார்கள், சீட்டைப் பார்க்கும்போது நானே கேட்க வேண்டியிருக்கிறது.

ஏற்கனவே போட்டுட்டேன். முடிஞ்சு போச்சா?

முடியவில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பி வரும், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம் வரை ஆகும். எத்தனை வருஷம் போட்டீர்கள், உங்கள் வயது என்ன என்பதைப் பொறுத்தது. வேகமாக மீள ஹெச்சிஜியோ குளோமிஃபீனோ டாக்டர் கொடுக்கலாம். டாக்டரிடம் ஊசி போட்டதை மறைக்காதீர்கள். மறைத்தால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஏன் தரையில் கிடக்கிறது என்று தேடி வீணாக எம்ஆர்ஐ எல்லாம் எடுக்க வேண்டிவரும்.

விந்தணுவுக்குன்னு விக்கிற சத்து மாத்திரை? ஒரு அட்டையே ரொம்ப விலை.

கோ-என்சைம் க்யூ10, எல்-கார்னிட்டின், லைகோபீன், துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் கலந்த பெட்டி. எனக்கு இதில் நல்ல லாபம் கிடைக்கிறது, அதனால் நான் சொல்வதை நம்பலாம்: ஆதாரம் பலவீனம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில் ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும் கொடுத்துப் பார்த்தார்கள், குழந்தை பிறப்பும் கூடவில்லை, விந்தின் தரமும் கூடவில்லை, வயிற்றுக் கோளாறுதான் கூடியது. பல சத்துகளைக் கலந்து கொடுத்த இன்னொரு அமெரிக்க ஆய்வும் அதே வருஷம் பலனில்லை என்றே முடிந்தது. டாக்டர் எழுதினால் மூன்று மாதம் சாப்பிடுங்கள், பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மாதாமாதம் கடன் வாங்கிச் சாப்பிட வேண்டிய மருந்து கிடையாது. அந்தப் பணத்துக்கு ஹார்மோன் டெஸ்ட் எடுத்துவிடலாம்.

விந்தில் பஸ் செல் இருக்குன்னு ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க.

பஸ் செல் என்பது சீழில் இருக்கும் வெள்ளணு. ஒரு மில்லியில் பத்து லட்சத்துக்கு மேல் வெள்ளணு இருந்தால்தான் கவனிக்க வேண்டும். சாதாரண லேபில் வளராத விந்தணுவையும் சில நேரம் வெள்ளணுவாக எண்ணிவிடுவார்கள். எரிச்சல், வலி, காய்ச்சல், அல்லது கல்ச்சரில் கிருமி என்று ஏதாவது இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்து சரிதான். சிலவகைத் தொற்றில் மனைவியும் சேர்ந்து சாப்பிட வேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும். அறிகுறி எதுவும் இல்லாமல் மாற்றி மாற்றி மூன்று கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

சுகர் இருக்கு. உச்சம் வருது, ஆனா ஒண்ணுமே வெளியே வர்றதில்லை.

விந்து பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்க்கொண்டிருக்கலாம். பல வருஷச் சர்க்கரையில் நரம்பு தளர்ந்து இப்படி ஆகும். உறவுக்குப் பிறகு வரும் சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். இமிப்ரமைன், சூடோஎஃபெட்ரின் மாதிரி மருந்துகள் சிலருக்கு வழியை நேராக்கும், ஆனால் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர் எச்சரிக்கை. மருந்து பலிக்காவிட்டாலும் அந்தச் சிறுநீரிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்த முடியும், மனம் விட வேண்டாம்.

விந்தணு ஜீரோன்னு வந்திருக்கு. எந்த ஊசி போடணும்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். முதலில் இன்னொரு டெஸ்ட், அப்புறம் விரைகளின் அளவைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர், ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனை. அடைப்பு என்றால் ஆபரேஷன், அல்லது விரையிலிருந்து நேராக எடுத்து டெஸ்ட் டியூப் முறை. ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் இல்லை என்றால் விரையில் தேடியும் கிடைக்காது, அதை முன்பே தெரிந்துகொண்டால் ஒரு ஆபரேஷனும் பெரிய செலவும் மிச்சம். உத்தரவு வராத வகை என்றால் மேலே சொன்ன ஊசிகள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரியல் (யூராலஜி) துறை இருக்கிறது, முதலில் அங்கே காட்டிவிட்டுத் தனியாருக்குப் போவதா என்று முடிவு செய்யலாம். விரைக்கு மேல் புடைத்த ரத்தக் குழாய்ச் சுருள் கையில் தட்டுப்படுகிறது என்றால் அதற்கும் மாத்திரை கிடையாது, தேவைப்பட்டால் ஆபரேஷன்தான்.

நான் சாப்பிடுற வேற மாத்திரையால குறையுமா?

குறையலாம். பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டுவாதத்துக்கும் தருகிற சல்ஃபாசலசின் எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் சில மாதத்தில் மீளும். முடி கொட்டுவதற்கான ஃபினாஸ்டிரைடு சிலருக்குக் குறைக்கும். டாம்சுலோசின் விந்து வெளியாவதையே குறைக்கும். மாற்று மருந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடல் அட்டை, கடல் குதிரைப் பொடி வேலை செய்யுமாமே?

விந்தணு கூடும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. 2001-ல் இரண்டையுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், வைத்திருந்தாலே சிறை வரை போகலாம். இந்தக் கரையில் அது எத்தனை குடும்பத்தை அலைக்கழித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பெயர் இல்லாத லேகியம் என்றால் அதற்குள் சில்டெனாஃபில் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அது எழுச்சிக்கான மருந்து, விந்தணுவைக் கூட்டாது, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உயிருக்கே ஆபத்து.

என்ஜின் ரூம் சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. விரை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவில் இருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும், அதனால்தான் அது வெளியே தொங்குகிறது. விசைப்படகு டிரைவர், சமையல் மாஸ்டர், அடுப்படி வேலைக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். சிகரெட், குடி, பான் பொட்டலம் அதோடு சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அதில் ஓய்வெடுத்துவிட்டு ஜூன் 15 டெஸ்ட் எடுத்து "ஒன்றும் மாறவில்லை" என்று வருகிறார்கள். 74 நாள் கணக்கு ஞாபகம் இருக்கட்டும், ஜூலைக் கடைசியில் எடுங்கள்.

எவ்வளவு காலம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம்?

குளோமிஃபீன் வகை என்றால் மூன்று மாதத்தில் ஒரு டெஸ்ட், ஆறு மாதத்தில் ஒரு முடிவு. மனைவிக்கு 35 தாண்டிவிட்டால் அந்த ஆறு மாதமும் அதிகம், மாத்திரையோடு கூடவே அடுத்த வழியையும் பேச வேண்டும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்துகிற இக்ஸி முறை இருக்கிறது. 2021-ல் வந்த சட்டப்படி இந்த மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "நூறு சதவீதம் உத்தரவாதம்" என்று பேனர் கட்டியிருக்கும் இடத்துக்கு உள்ளேயே போகாதீர்கள்.

அண்ணே, அவர் டெஸ்ட்டுக்கு வர மாட்டேங்குறார். அவருக்குத் தெரியாம மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கவா?

வேண்டாம்மா. காரணம் தெரியாமல் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை அவருக்குக் கண், ரத்தக் கட்டு என்று ஏதாவது கொண்டுவந்தால் எதனால் வந்தது என்று டாக்டருக்கும் தெரியாது. சீட்டு இல்லாமல் நானும் கொடுக்க மாட்டேன், கொடுக்கவும் கூடாது.

அவர் பயப்படுவது ரிப்போர்ட்டைவிட லேபில் தெரிந்த முகம் யாராவது இருப்பார்களோ என்பதற்குத்தான், நான் பார்த்தவரை. உள்ளூரில் வேண்டாம், பரமக்குடியோ மதுரையோ போய் எடுங்கள், வேறு வேலையாகப் போன மாதிரி. உங்கள் அண்ணன் சொல்வதைவிட அவருடைய அக்கா மாப்பிள்ளையோ கூடத் தொழிலுக்குப் போகிற நெருங்கிய கூட்டாளியோ சொன்னால் கேட்பார். அப்படியும் வரவில்லை என்றால், மகப்பேறு டாக்டரிடம் நீங்கள் போகும்போது "அவர் டெஸ்ட் வராமல் எனக்கு இனி எந்த மாத்திரையும் எழுத வேண்டாம்" என்று வீட்டுக்காரர் எதிரிலேயே சொல்லுங்கள்.